ஒன்பது கிராம்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பிறந்தநாள் சாமான் கடை.
ஹீலியம் உருளைக்கு நான்தான் பொறுப்பு.
குழாயைத் திறந்தால்
யாருக்கோ ஐந்து வயதாகிவிடும்.

அமராவதிக்கு அந்த உருளை வேறு மாதிரித் தெரிந்தது.
எங்கள் பெண்கள் அணியின் கோல்கீப்பர்.
வேலை செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்:
லாரி வரும்போது ஒரு கனம்,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு கனம்,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
நாளெல்லாம் கழித்தே பழகியவள் கேட்டாள்:
"பந்துக்குள்ள இருக்கிற காத்தையும் கழிச்சிட்டா?
அப்பவாச்சும் என் உதை
நடுக்கோட்டைத் தாண்டுமா?"

ஞாயிறு, கடை திறக்குமுன்.
ஒரே பெட்டியில் வந்த இரண்டு பந்துகள்.
ஒன்றுக்கு சைக்கிள் பம்பு.
மற்றதைச் சப்பையாக அமுக்கிக் காலி செய்து
ஹீலியம் ஏற்றினேன்.
ஒரு பலூனுக்குக்கூட ஆகாத அளவுதான்.
இருந்தாலும் மனசு கேட்கவில்லை,
கல்லாவில் இரண்டு வெள்ளி போட்டேன்.

அழுத்தமானியின் முள்
இரண்டுக்கும் ஒரே கோட்டில் நின்றது.
கேக் செய்து விற்கும் லோகாவின் தராசில் வைத்தோம்.
ஒன்பது கிராம் வித்தியாசம்.
இரண்டு இருபது காசு, கூடவே கொஞ்சம் தூசி.
"இவ்ளோதானா காத்து?"
அவள் பாலம்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிப்பதில்லை.

திடலில் இரவு மழையின் ஈரம்.
எது எதுவென்று எனக்கு மட்டும் தெரியும்,
தையல் ஓரத்தில் பேனாப் புள்ளி.
லோகா, குலை வெட்டும் கழியைப்
புல்லில் படுக்கப் போட்டுப் போட்டு அளந்தாள்.

இருபது உதை.
புள்ளிப் பந்து மெல்லிய குரலில் அலறியது,
அல்லது தெரிந்ததால்
எனக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.
காலை விட்டுக் கிளம்புகையில் அதுதான் முந்தியது.
ஏறும் வரைக்கும் வீறாப்பு.
பிறகு
கண்ணுக்குத் தெரியாத ஏதோ புதரில்
சிக்கிக்கொண்டது போல்
நடுவானில் யோசித்தது.
இலேசானதைக் காற்று இலேசாக மறித்துவிடுகிறது.

மற்றது, ஆலைப் புகை வாசத்தை
அப்படியே அடைத்து வைத்த பந்து,
கடன் வசூலிக்கப் போகிறவன் மாதிரி
போய்க்கொண்டே இருந்தது.

கழி கொள்ளாத மிச்சத்தை முழம் போட்டோம்.
சராசரியாக
ஹீலியம் இரண்டு முழம் பின்னால்.

"நீ மாத்திச் சொல்றே" என்றாள் அமராவதி.
வால்வில் ஊசி செருகி
சீறி வந்ததை வாயில் பிடித்து
தன் முழுப்பெயரைச் சொன்னாள்,
அடையாள அட்டையில் இருப்பது போல
அப்பா பெயரோடு.
வாத்துக் குரல்.
லோகா புல்லில் விழுந்து புரண்டாள்.
திடலோரம் நாசி லெமாக் வாங்க நின்றவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.
அவள் மட்டும் சிரிக்கவில்லை.
"கழிச்சா கூடும்னு நெனச்சேன்."
வாத்து அதையும் சொன்னது.

ஊசியை எடுத்து, குறைந்ததை மறுபடி நிரப்பி
கடை அலமாரியில் வைத்தேன்.
வியாழக்கிழமை தொட்டால் பழுத்த பப்பாளி.
உள்ளே இருப்பது ரப்பர் பைதான்.
எங்கள் பக்கத்து மரத்துப் பாலோ என்னவோ,
எங்கெங்கோ போய்ப் பந்தாகித் திரும்பியது
அந்த வெளியூர் வாயுவைப் பிடித்து வைக்கவில்லை.
பம்புக் காற்று அப்படியே இறுக்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனோம்.
முதல் உதை
நடுக்கோட்டுக்கு மூன்றடி முன்னால் விழுந்தது.
எதிரணி சிரித்தது.
இரண்டாவதும் அங்கேதான்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காதவள்
குனிந்து
அந்த மூன்றடியை
வெகு நேரம் பார்த்தாள்.

மாதக் கடைசியில் முதலாளி லிம் கணக்குப் பார்த்தார்.
பலூன் எண்ணிக்கை சரி,
காசில் மட்டும் இரண்டு வெள்ளி அதிகம்.
கழித்துக் கழித்துப் பார்த்தும் தீரவில்லை.
ஒன்று பறந்துபோய்விட்டது என்றேன்.
எவ்வளவு தூரம் என்று
அவர் கேட்கவில்லை.